ஆற்று இறாலின் வளமும் நலமும்

நாட்டில் வாழும் மக்கள் எத்துணையர் என அறிய வேண்டுமாயின், கணக்கெடுப்போர் வீடுதோறும் சென்று வினவி எழுதிக்கொள்வர். காட்டில் வாழும் யானைகளை எண்ண வேண்டுமாயின், நீர்நிலைகளின் அருகே காத்திருந்தும், சாணத்தையும் அடிச்சுவட்டையும் ஆராய்ந்தும் ஒருவாறு கணிப்பர். ஆற்றின் அடியில் வாழும் இறாலை எண்ணுவது எங்ஙனம்? அது பகலெல்லாம் கல்லிடுக்கிலும் நீர்ப்பூண்டின் நிழலிலும் மறைந்து கிடக்கிறது. இரவில் வெளிப்போந்து இரை தேடுகிறது. அதற்கு வீடும் இல்லை, கதவெண்ணும் இல்லை.

இது பொழுதுபோக்குக்காக எழுந்த வினா அன்று. ஆற்று இறாலை நம்பி வாழும் மீனவர் குடும்பங்கள் பல உள்ளன. இறால் பெருகினால் அக்குடும்பங்களில் அடுப்பு எரியும், அருகினால் அணையும். அன்றியும், நீரில் விழுந்து அழுகும் இலைகளையும் மடிந்த சிற்றுயிர்களையும் உண்டு, ஆற்றைத் தூய்மை செய்யும் பணியையும் இறால் செய்கிறது. ஆதலின் இறாலின் நலத்தை அறிவது ஆற்றின் நலத்தை அறிவதற்கும் ஒரு வழியாகும்.

‘இன்று வலை நிறைய இறால் கிடைத்தது, ஆகவே ஆற்றின் வளம் குறையவில்லை’ என்று கூறிவிடலாமா? கூறலாகாது. ஒரு வீட்டில் விருந்து நடப்பதைக் கண்டு, அவ்வீட்டின் களஞ்சியம் நிறைந்திருக்கிறது என்று முடிவு செய்தல் பொருந்துமா? விதைநெல்லைக் குத்திச் சமைத்தாலும் அன்றைய இலை நிறையத்தான் இருக்கும். அடுத்த ஆண்டின் விதைப்புக் காலத்திலேதான் இழப்பு விளங்கும். அதுபோல, பிடிபட்ட இறால்களில் முட்டை சுமக்கும் தாய்கள் எத்தனை, வளரும் இளையவை எத்தனை, அவற்றின் உடல்நிலை எத்தகையது என்று ஆராய்ந்த பின்னரே ஆற்றின் உண்மை நிலை புலப்படும். அவ்வாறு ஆராய்வதற்கு அறிஞர் பல முறைகளை வகுத்துள்ளனர்.

இறாலின் இயல்பு

பழந்தமிழர் இறாலை ‘இறவு’ என்றும் ‘இறா’ என்றும் வழங்கினர். கடலில் வாழ்வனவும் உண்டு. ஆற்றில் வாழ்வனவும் உண்டு. ஆற்று இறால்களுள் உருவிற் பெரியவை ‘மாக்ரோபிராக்கியம்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. ‘நீண்ட கையுடையது’ என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கேற்ப, இரண்டாம் இணைக் கால்கள் நீண்டு, நுனியிலே கொடுக்குகளைத் தாங்கி நிற்கும். இப்பேரினத்துள் மிகப் பெரிய இனம் இந்தியா, வங்காளதேசம், பர்மா, தாய்லாந்து, மலேசியா முதலிய நாடுகளின் ஆறுகளில் வாழ்கிறது. அதன் ஆண் 30 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். பெண் அதனினும் சிறியது. கேரள மக்கள் இதனை ‘ஆற்றுக்கொஞ்சு’ என்பர். இதன் உறவினமாகிய மற்றோர் இறால் காவிரியிலும் கோதாவரியிலும் வாழ்கிறது.

இறாலுக்கு உள்ளே எலும்பு இல்லை. உடலைத் தாங்குவதும் காப்பதும் மேலே உள்ள ஓடேயாகும். ஓடு விரியும் தன்மையுடையது அன்று. ஆகவே, உடல் வளர வேண்டுமாயின் பழைய ஓட்டைக் கழற்றியெறிய வேண்டும். வளரும் குழந்தைக்குப் பழைய சட்டை சிறுத்துப்போவது போல, வளரும் இறாலுக்கு ஓடு சிறுத்துப்போகிறது. பழைய ஓட்டிலிருந்து வெளிப்பட்டதும் இறாலின் உடல் மென்மையாக இருக்கும். அது நீரை உறிஞ்சிப் பருக்கும். பின்னர்ப் புதிய ஓடு இறுகும். அதுவரையில் பகைவரிடமிருந்து தப்புவதற்காக மறைவிடத்தில் ஒடுங்கியிருக்கும். ஏனெனில், அந்நிலையில் அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற இறால்களே அதனைக் கொன்று தின்பதும் உண்டு.

பிறப்பும் பயணமும்

ஆற்று இறாலின் வாழ்க்கையில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தாய் இறால் தன் முட்டைகளை வயிற்றின் அடியிலுள்ள நீச்சற் கால்களில் ஒட்டவைத்துச் சுமக்கும். நன்கு வளர்ந்த தாய் ஒரே முறையில் 80,000 முதல் 1,00,000 முட்டைகள் வரை சுமப்பதுண்டு. முட்டைகள் முதலில் கிச்சிலிப்பழ நிறமாக இருக்கும். பொரியும் நாள் நெருங்க நெருங்கச் சாம்பல் நிறம் அடையும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் குஞ்சுகள் வெளிப்படும். அக்குஞ்சுகள் தாயைப்போல் இரா. தலைகீழாக மிதந்து, வால் முன்செல்ல நீந்தும்.

ஆற்றில் வாழும் தாயின் குஞ்சுகள் ஆற்று நீரிலேயே வளரும் என்று எண்ணத் தோன்றும் அன்றோ? பலரும் அவ்வாறே எண்ணினர். இறாலை வளர்க்க முயன்றவர்கள் நன்னீரிலே குஞ்சுகளை இட்டுப் பார்த்தனர். சில நாட்களுக்குள் அவை மடிந்தன. காரணம் விளங்கவில்லை. 1961ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநராகப் பினாங்கில் பணியாற்றிய ஷாவோவென் லிங் என்னும் அறிஞர் இம்மறைபொருளை வெளிப்படுத்தினார். குஞ்சுகள் உயிர்வாழ்வதற்கு உப்பு கலந்த நீர் இன்றியமையாதது என்று அவர் கண்டார். கடல்நீரிலுள்ள உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ள நீரே அவற்றிற்கு ஏற்றது. அத்தகைய நீர், ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் இயற்கையாகவே அமைகிறது.

ஆகவே, தாய் இறால் முட்டைகளைச் சுமந்துகொண்டு ஆற்றின் வழியே கீழிறங்கி உவர்நீரை அடைகிறது. அங்கே பொரிந்த குஞ்சுகள் பதினொரு பருவங்களைக் கடந்து, பின்னர்த் தாயின் உருவத்தைப் பெறுகின்றன. உருவம் பெற்றதும் அவை ஆற்றை நோக்கித் திரும்புகின்றன. கரையோரத்து ஈரத்தைப் பற்றிக்கொண்டு, ஓடும் நீரை எதிர்த்து, நகர்ந்தும் நீந்தியும் மேலேறுகின்றன. இவ்வாறு, ஆறும் கழியும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அதன் வீடு. ஒன்று கெட்டாலும், இரண்டுக்கும் இடையேயுள்ள வழி அடைபட்டாலும் இறாலினம் அழியும். இறாலின் நலத்தை ஆராய்வோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

வளர்ச்சியை அளத்தல்

மீனின் வயதை அறிவது ஓரளவு எளிது. மரத்தின் அடியில் ஆண்டு வளையங்கள் அமைவது போல, பல மீன்களின் செதிலிலும் காதெலும்பிலும் வளையங்கள் அமைகின்றன. அவற்றை எண்ணி வயதைக் கூறலாம். இறாலோ, வயது எழுதப்படும் ஏட்டையே அவ்வப்போது கழற்றி எறிந்துவிடுகிறது! ஆதலின் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஒரு பள்ளியின் மாணவர் அனைவரையும் ஓரிடத்தில் நிறுத்தி உயரத்தை அளப்பதாகக் கொள்வோர், யாருடைய வயதையும் கேளாமலே ஓர் உண்மையை அறியலாம். ஒவ்வோர் உயரத்திற்கும் எத்தனை மாணவர் என்று கட்டமிட்ட தாளில் குறித்தால், சில இடங்களில் புள்ளிகள் குவிந்து சிறு குன்றுகள் போலத் தோன்றும். ஒவ்வொரு குன்றும் ஏறத்தாழ ஒரே வயதினரைக் காட்டும். அடுத்த ஆண்டும் அவ்வாறே அளந்தால், குன்றுகள் சற்று நகர்ந்திருக்கும். நகர்ந்த தொலைவே அவ்வயதினரின் ஓராண்டு வளர்ச்சி. டென்மார்க் நாட்டு அறிஞர் பீட்டர்சன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையை மீன்களுக்குப் பயன்படுத்தினார். இறாலுக்கும் இது பயன்படுகிறது. சான்றாக, ஒரு மாதத்தில் 6 சென்டிமீட்டர் அளவிலே குவிந்திருந்த இறால்கள், மறுமாதம் 8 சென்டிமீட்டர் அளவிலே குவிந்திருக்குமானால், அவை அம்மாதத்தில் 2 சென்டிமீட்டர் வளர்ந்தன என்று கொள்ளலாம்.

அளப்பதிலும் விழிப்பு வேண்டும். இறாலின் நெற்றியிலே வாள் போன்ற முள் ஒன்று நீண்டிருக்கும். அதன் நுனியிலிருந்து வாலின் நுனிவரை அளப்பது முழுநீளம். ஆயின், அம்முள் பெரும்பாலும் முறிந்துபோகிறது. எனவே, கண்குழியிலிருந்து தலையோட்டின் பின்விளிம்பு வரை அளக்கும் அளவே நம்பத்தக்கது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எடை பார்க்குமுன் உடலில் ஒட்டிய நீரைத் துடைத்துவிட வேண்டும். ஆணா, பெண்ணா, முட்டை சுமக்கிறதா, ஓடு புதியதா, பழையதா, பிடித்த இடம் யாது, நாள் யாது, எவ்வகை வலையிலே பிடிபட்டது என்னும் விவரங்களையும் அன்றன்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும். நினைவை நம்பி விட்டுவைத்த குறிப்பு, கரையில் விட்டுவைத்த மீனைப் போன்றது, விரைவிலே கெட்டுவிடும்.

இறாலின் நீளத்திற்கும் எடைக்கும் தொடர்பு உண்டு. நீளம் இருமடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். நீளத்தோடு அகலமும் பருமனும் சேர்ந்து வளர்வதே காரணம். ஆகவே, ஒரு நீளத்திற்கு இவ்வளவு எடை இருத்தல் வேண்டும் என்று கணிக்கலாம். ஒரே நீளமுள்ள இரண்டு இறால்களில் ஒன்றின் எடை குறைந்திருந்தால், அதற்கு இரை போதவில்லை என்றோ, நோயுற்றது என்றோ ஐயுறலாம். ஆனால், முட்டை சுமக்கும் தாயின் எடையில் முட்டையின் எடையும் சேரும். பெரிய கொடுக்குடைய ஆணின் எடையில் கொடுக்கின் எடையும் சேரும். ஆதலின் ஆணை ஆணோடும், பெண்ணைப் பெண்ணோடும், ஒத்த நிலையில் உள்ளவற்றை ஒத்த நிலையில் உள்ளவற்றோடுமே ஒப்பிடுதல் முறை.

ஆண் இறால்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நாளில் பிறந்த ஆண்களுள்ளும் சில சிறியனவாகவே தங்கிவிடும். சில கிச்சிலிநிறக் கொடுக்கோடு விரைந்து வளரும். சில நீண்ட நீலக் கொடுக்கோடு தலைமை பூண்டு நிற்கும். நீலக் கொடுக்குடைய ஆண் அதன்பின் மிகுதியாக வளர்வதில்லை. தலைமை ஆண்கள் அருகில் இருக்கும் வரையில் சிறிய ஆண்களின் வளர்ச்சி அடங்கியிருக்கும். அவை அகன்றால் மற்றவை வளரத் தொடங்கும். இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் 1980களில் இதனை விரிவாக ஆராய்ந்தனர். ஆகையால், சிறிய ஆணைக் கண்டவுடன் அது இளையது என்று முடிவு செய்யலாகாது. நீரே கெட்டுவிட்டது என்று அஞ்சவும் வேண்டுவதில்லை. குன்று வரைந்து வயது காணும் முறை பெண் இறால்களிடத்தில் தெளிவாகப் பயன்படும். ஆண்களிடத்தில் கொடுக்கின் நிறத்தையும் சேர்த்து நோக்க வேண்டும்.

எண்ணிக்கையை அறிதல்

வளர்ச்சியை அறிந்தபின் எண்ணிக்கையை அறிய வேண்டும். ஆற்றை வற்றச் செய்து எண்ணுதல் இயலாது. ஆகவே, பிடிபடுவதைக்கொண்டு பிடிபடாததைக் கணிக்கின்றனர்.

முதல் முறை, உழைப்பையும் பலனையும் ஒப்பிடுவது. சென்ற ஆண்டு பத்துப் படகுகள் 20 கிலோகிராம் இறாலைப் பிடித்தன என்றும், இவ்வாண்டு இருபது படகுகள் அதே 20 கிலோகிராம் பிடித்தன என்றும் வைத்துக்கொண்டால், சந்தைக்கு வந்த அளவு குறையவில்லை. ஆனால், ஒரு படகுக்குக் கிடைத்த பங்கு 2 கிலோகிராமிலிருந்து 1 கிலோகிராமாகக் குறைந்துவிட்டது. ஆற்றின் வளம் குன்றியதை இப்பங்கே காட்டுகிறது. சந்தையை மட்டும் நோக்குபவர் இதனை உணரார். படகு எத்தனை, வலை எத்தனை, எத்தனை நாழிகை வலை நீரில் கிடந்தது என்று கேட்பவரே உணர்வார்.

இரண்டாம் முறை, அடையாளமிட்டு விடுவது. முன்னர்க் குறித்த பீட்டர்சன் கடல்மீன்களுக்கு அடையாளமிட்டுக் கடலில் விட்டவர். அவர் பெயரால் வழங்கும் கணக்கு மிக எளியது. ஓரிடத்தில் 200 இறால்களைப் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் நீரில் விடுவதாகக் கொள்க. அவை மற்றவற்றோடு நன்கு கலந்தபின், 500 இறால்களைப் பிடிக்க, அவற்றுள் 20 அடையாளம் உள்ளவையாக இருந்தால், பிடிபட்டவற்றில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அடையாளம் உடையது. ஆகவே, அங்குள்ள மொத்த இறால்களிலும் இருபத்தைந்தில் ஒரு பங்கே முன்பு அடையாளமிட்ட 200 என்று கொள்ளலாம். மொத்தம் 5,000 ஆகும்.

கணக்கு எளிது, ஆனால் அது மெய்யாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அடையாளமிட்டவை இறவாமலும், வேறிடம் செல்லாமலும், மற்றவற்றோடு கலந்தும் இருத்தல் வேண்டும். அடையாளமும் அழியாது இருத்தல் வேண்டும். ஓட்டின்மேல் வண்ணம் பூசினால், ஓடு கழன்றதும் அடையாளமும் கழன்றுபோம். ஆதலின் வாற்பகுதியின் தசையினுள்ளே மெல்லிய நாடாவைக் கோத்தோ, நிறமுள்ள மென்பொருளைச் சிறு துளியாகச் செலுத்தியோ அடையாளமிடுகின்றனர். அது ஓட்டுக்குள் தெரிந்துகொண்டே இருக்கும்.

எவ்வகை வலையால் பிடிப்பது என்பதும் கருதத்தக்கது. அகன்ற கண்களையுடைய வலையில் பெரியவையே தங்கும், சிறியவை நழுவிப்போம். அவ்வலையை மட்டும் நம்பினால் ‘இவ்வாற்றில் குஞ்சுகளே இல்லை’ என்னும் தவறான முடிவு பிறக்கும். ஆகவே, பலவகை வலைகளையும் கூடுகளையும் கொண்டு, ஆற்றின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி, கழிமுகம் ஆகிய இடங்களில், திங்கள்தோறும், இரவிலும் பகலிலும் பிடித்துப் பார்த்தல் வேண்டும். ஓராண்டின் கணக்கு ஒரு புள்ளியே. பல ஆண்டுகளின் கணக்குச் சேர்ந்தாலன்றிக் கோடு அமையாது. மழை மிகுந்த ஆண்டையும் குறைந்த ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே, வளம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று துணியலாம்.

நலத்தை ஆராய்தல்

எண்ணிக்கை மிகுந்திருந்தாலும் உடல்நலம் குன்றியிருத்தல் கூடும். நலமுள்ள இறாலின் உடல் தெளிந்திருக்கும். தொட்டவுடன் துள்ளி விலகும். கால்களும் உணர்கொம்புகளும் முழுமையாக இருக்கும். ஓட்டின்மேல் கரும்புள்ளிகளும் அரிப்பும் தோன்றினால், காயத்தின் வழியே நுண்ணுயிர்கள் ஓட்டை அழிக்கின்றன என்று அறியலாம். ஓட்டின்மேல் பாசி மிகுதியாகப் படர்ந்திருந்தால், அது நெடுநாளாக ஓடு கழற்றவில்லை என்பது பொருள். முதிர்ந்த ஆணிடத்தில் இஃது இயல்பே; இளையவற்றிடத்தில் காணப்பட்டால் வளர்ச்சி தடைப்பட்டதன் அறிகுறியாகும். சிலவற்றின் செவுளறையில் ஒட்டுண்ணி தங்கி, தலையோட்டின் பக்கத்தில் புடைப்பை உண்டாக்கும்.

இளங்குஞ்சுகளைத் தாக்கும் கொடிய நோய் ஒன்று ‘வெண்வால் நோய்’ எனப்படும். நுண்மியால் உண்டாகும் இந்நோயில் வாற்பகுதியின் தசை பால்போல் வெளுக்கும். குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக மடியும். 1990களில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய குவாதலூப்பில் இது முதலில் அறியப்பட்டது. பின்னர் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் குஞ்சு பொரிப்பகங்களிலும் காணப்பட்டது. ஆற்றில் விடுவதற்குமுன் பொரிப்பகக் குஞ்சுகளைச் சோதிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தனியொரு இறாலின் நலம் வேறு. இனத்தின் நலம் வேறு. இனத்தின் நலத்திற்கு மூன்று சான்றுகள் வேண்டும். முதலாவது, எல்லாப் பருவத்தினவும் கலந்திருத்தல். முதியவை மட்டுமே உள்ள ஊர் எவ்வாறு நாளடைவில் பாழாகுமோ, அவ்வாறே பெரிய இறால்கள் மட்டுமே கிடைக்கும் ஆறும் பாழாகும். இரண்டாவது, உரிய பருவத்தில் முட்டை சுமக்கும் தாய்கள் போதிய அளவில் காணப்படுதல். மூன்றாவது, குஞ்சுகள் கழியிலிருந்து ஆற்றுக்குத் திரும்பி வருதல். இம்மூன்றும் உள்ளவிடத்தில், ஓராண்டு பிடிப்புக் குறைந்தாலும் கவலையில்லை. இம்மூன்றும் இல்லாதவிடத்தில், வலை நிறைந்தாலும் மகிழ்வதற்கு இடமில்லை.

வழி அடைபட்டால்

மூன்றாவது சான்று அணைகளோடு தொடர்புடையது. தாழ்ந்த அணையின் மேல் நீர் வழிந்தோடும்போது, இறாற்குஞ்சுகள் ஈரமான ஓரங்களைப் பற்றி ஏறிச் செல்ல வல்லவை. உயர்ந்த அணையின்மேல், அதுவும் நீர் வழியாத காலத்தில், அவை ஏறுவது அரிது. கரிபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் 1990களில் அறிஞர்கள் பல ஆறுகளை ஆராய்ந்தனர். நீர் வழிந்தோடாத உயர்ந்த அணைகளுக்கு மேலே, கழியிலிருந்து ஏறிவரும் இயல்புடைய இறால்கள் அற்றுப்போயிருந்ததை அவர்கள் கண்டனர். அணைக்குக் கீழே அவ்வினங்கள் இருந்தன, மேலே இல்லை. நீர் நல்லதாயினும் வழியில்லை என்பதே காரணம்.

இந்தியாவில் இதற்குத் தெளிவான சான்று கேரளத்து வேம்பநாட்டுக் காயல் ஆகும். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை முதலிய ஆறுகள் இக்காயலில் கலக்கின்றன. காயலின் தென்பகுதியைச் சூழ்ந்துள்ள குட்டநாடு, கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த நெல்வயல்களால் புகழ்பெற்றது. ஆற்றுக்கொஞ்சு தென்பகுதியின் நன்னீரில் வளரும். மழைக்காலத்தை ஒட்டி வடபகுதியின் உவர்நீரை நோக்கிச் செல்லும். அங்கே குஞ்சு பொரிக்கும். பின்பு குஞ்சுகள் தெற்கே திரும்பும். நெடுங்காலமாக இவ்வொழுங்கு நடைபெற்றது.

கோடையில் கடலின் உப்புநீர் காயலின் வழியே வயல்களுக்குள் ஏறி நெற்பயிரைக் கெடுத்தது. அதனைத் தடுப்பதற்காகத் தண்ணீர்முக்கம் என்னுமிடத்தில் காயலின் குறுக்கே கதவணை ஒன்று அமைக்கப்பட்டது. 1970களின் நடுவில் அது செயற்படத் தொடங்கியது. டிசம்பர் மாதத்தையொட்டி அதன் கதவுகளை அடைத்து, கோடையில் திறப்பது வழக்கமாயிற்று. உழவர்க்கு நன்மை விளைந்தது. ஆனால், கதவுகள் அடைபடும் காலமும், இறாற்குஞ்சுகள் தெற்கு நோக்கித் திரும்ப வேண்டிய காலமும் பெரும்பாலும் ஒன்றாக அமைந்துவிட்டன. உப்பு வராமல் தடுத்த கதவு, இறாலும் வராமல் தடுத்தது. இதனோடு வயல்களிலிருந்து வழியும் பூச்சிமருந்தும், தேங்காய் மட்டை ஊறவைப்பதால் நீர் கெடுதலும், காயலின் பரப்புச் சுருங்கியதும், தாய் இறால்களைப் பிடித்தலும் சேர்ந்துகொண்டன.

இதன் விளைவை அளவெடுத்தோரின் குறிப்பேடுகள் காட்டின. 1960ஆம் ஆண்டையொட்டி ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டன் கிடைத்த ஆற்றுக்கொஞ்சு, 1980களின் இறுதியில் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. முற்காலத்தில் கணக்கெடுத்து வைத்தோர் இல்லாதிருந்தால், ‘எக்காலத்தும் இவ்வளவுதான் கிடைத்தது’ என்று பிற்காலத்தார் எண்ணியிருப்பர். இழந்தது இன்னதென்று அறியாதவர் அதனை மீட்க முயலார். கணக்கின் பெருமை இதனால் விளங்கும்.

வேம்பநாட்டு ஈரநிலம் 2002ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களைப் பேணும் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பொரிப்பகங்களில் வளர்த்த குஞ்சுகளைக் காயலில் விடும் பணியும் நடைபெற்று வருகிறது. அஃது ஏற்கத்தக்க பணியே. எனினும், குஞ்சுகளை விட்டால் மட்டும் போதாது. விட்ட குஞ்சுகள் வளர்ந்தனவா, தாய்களாயினவா, மீண்டும் கழிக்குச் சென்று திரும்பினவா என்று அளந்தறிதல் வேண்டும். விதைத்தவன் வயலைப் பாராமல் இருக்கலாமா?

இதில் உழவர் ஒரு பக்கம், மீனவர் ஒரு பக்கம் என்று பகை கொள்வதற்கு இடமில்லை. நெல்லும் வேண்டும், மீனும் வேண்டும். பயிருக்குத் தீங்கு நேராத நாட்களில் கதவுகளைத் திறந்து வைத்தல், இறால் ஏறுவதற்கு ஈரமான சரிவு வழிகளை அமைத்தல், நஞ்சு கலந்த நீரைக் காயலில் விடாமை, முட்டை சுமக்கும் தாயை நீரிலேயே விட்டுவிடுதல், நெருங்கிய கண்களையுடைய வலைகளை விலக்குதல் ஆகியவை இருதிறத்தாரும் கூடிச் செய்யத்தக்கவை. எந்நாளில் கதவைத் திறப்பது என்று அறிவதற்கும் குஞ்சுகள் எந்நாளில் வருகின்றன என்னும் கணக்கே வேண்டும். ஆய்வாளரின் அளவுகோல் இங்கே இருவருக்கும் நடுவராக நிற்கிறது.

காவிரியும் கொள்ளிடமும் பாயும் தமிழ்நாட்டிலும் இவ்வுண்மையை மறத்தலாகாது. ஆற்றங்கரையில் வாழும் மாணவர், மீனவர் கரைக்குக் கொணரும் இறால்களை உற்று நோக்கலாம். எந்த மாதத்தில் முட்டை சுமக்கும் தாய்கள் வருகின்றன, எந்த மாதத்தில் சிறியவை தோன்றுகின்றன, சென்ற ஆண்டினும் இவ்வாண்டு ஒரு வலைக்குக் கிடைப்பது மிகுந்ததா, குறைந்ததா என்று வினவி ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். நெடுநாள் ஆற்றில் வலைவீசிய முதியவரின் அறிவும், ஏட்டில் எழுதும் இளையவரின் கணக்கும் ஒன்றுசேர்ந்தால், ஆற்றின் நிலை தெளிவாக விளங்கும்.

நல்ல உழவன் எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைத் தொடான். ஆற்றின் விதைநெல், முட்டை சுமந்து கழியை நோக்கிச் செல்லும் தாய் இறாலும், ஆற்றை நோக்கி ஏறிவரும் சின்னஞ்சிறு குஞ்சுமே. அவற்றை எண்ணி அறிந்து, அவற்றின் வழியை அடைக்காமல் காப்பவரே ஆற்றின் செல்வத்தை ஆண்டுதோறும் அறுவடை செய்வர்.

பயிற்சி

1. இறாலின் வயதை மீனின் வயதைப்போல் எளிதில் அறிய இயலாமைக்குக் காரணம் யாது?
2. சந்தைக்கு வரும் இறாலின் அளவை மட்டும் நோக்கி ஆற்றின் வளத்தைக் கணிப்பது ஏன் பொருந்தாது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. ஒரு குளத்தில் 150 இறால்களுக்கு அடையாளமிட்டு விட்டனர். பின்னர்ப் பிடித்த 300 இறால்களுள் 15 அடையாளம் உடையன. குளத்திலுள்ள மொத்த இறால்கள் எத்தனை? இக்கணக்கு மெய்யாவதற்கு வேண்டிய நிபந்தனைகள் யாவை?
4. இறாலினத்தின் நலத்திற்குரிய மூன்று சான்றுகளைக் கூறுக.
5. தண்ணீர்முக்கம் கதவணையால் விளைந்த நன்மையும் தீமையும் யாவை? இருதிறத்தாரும் பயன்பெறும் வழிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.